முன் சில்லுக்காவது ஆணி ரயர் போடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நவம்பர் பிறந்தால் காருக்கு வின்ரர் ரயர் மாற்றச் சொல்லித் தமிழ்ப் பத்திரிகைகளிலும் வானொலிகளிலும் அறிவுரையும் விளம்பரமும் நிறையவே வருகின்றன. வர வேண்டியதுதான். ஆனால் ரொறன்ரோவில் பனிக்காலம் முழுக்கச் சைக்கிளிலும் மின்சைக்கிளிலும் திரிகிற பிள்ளைகளுக்கு யாரும் ஒரு வரி சொல்வதைக் காணவில்லை. சாப்பாடு விநியோகிக்கிறவர்கள், கல்லூரிக்குப் போகிறவர்கள், இரவு வேலை முடிந்து பஸ் கிடைக்காத நேரத்தில் வீடு திரும்புகிறவர்கள் என்று அவர்கள் கொஞ்சப் பேர் அல்லர். நாலு சில்லில் நிற்கிற கார் வழுக்கினாலும் பெரும்பாலும் நிமிர்ந்தே நிற்கும். சைக்கிளின் முன் சில்லு வழுக்கினால் ஆள் விழுந்தே தீருவார். விழுவதும் ஓடுகிற கார்களுக்கு முன்னால்தான். அவர்களுக்கும் அவர்களை வேலைக்கு அனுப்புகிறவர்களுக்கும் நாங்கள் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: முதல் ஐஸ் பிடிப்பதற்கு முன், முன் சில்லுக்காவது ஆணி பதித்த ரயர் போட்டுவிடுங்கள்.

பலரும் அகலமான ரயரை நம்பியிருக்கிறார்கள். நாலு அங்குல ரயர் பூட்டிய மின்சைக்கிள் எந்தப் பனியிலும் ஓடும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். புதிதாகக் கொட்டிய பனியில் அது ஓரளவு உண்மை. அகன்ற ரயர் அதிகம் புதையாமல் போகும். உறைந்த ஐஸில் அந்த அகலத்தை நம்ப முடியாது. எவ்வளவு ஆழமாக வெட்டியிருந்தாலும் ரப்பர் ஐஸைக் கடிக்காது. அதுவும் வெப்பநிலை 0 பாகையை ஒட்டி நிற்கிற நாள்களில் ஐஸின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். வழுக்கல் அப்போதுதான் மிக மோசம். −20 இல் ஐஸ் காய்ந்து சற்றுப் பிடிக்கும். ஆகவே கடும் குளிர் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருப்பவர்கள் ஆபத்தான காலத்தை வெறும் ரயரிலேயே கழிக்கிறார்கள். பெட்டியில் வின்ரர் என்று எழுதிய சைக்கிள் ரயர்களிலும் ஆணி இல்லாதவை உண்டு. அவற்றின் ரப்பர் குளிரில் இறுகாது, அவ்வளவுதான். எழுத்தைப் பார்த்து வாங்காமல் ரயரைத் தடவிப் பார்த்து வாங்க வேண்டும்.

ஐஸ் எங்கே பிடிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்காபரோவில் பெரும்பாலான பெருவீதிகளில் தனிச் சைக்கிள் பாதை இல்லை. வீதியோரமாகவே ஓட வேண்டியிருக்கிறது. பனி வழிக்கும் வாகனம் ஒதுக்கிவிட்டுப் போகிற பனி மேடும் அதே ஓரத்தில்தான் கிடக்கும். பகலில் அது வெயிலில் உருகி, அந்த நீர் நடைபாதைக் கட்டின் அருகே வழிந்து, பொழுது பட்டதும் உறைந்துவிடும். சாப்பாட்டு ஓடர்கள் குவிகிற இரவு நேரத்தில் சைக்கிள் ஓடுவது சரியாக அந்தப் பட்டையின் மேல். கைத்தொலைபேசி +2 என்று காட்டினாலும் நம்பக் கூடாது. மேகமில்லாத இரவில் வீதியின் மேற்பரப்பு காற்றைவிட வேகமாகக் குளிர்ந்து 0 க்குக் கீழே போய்விடும். பாலங்கள் மேலும் கீழும் குளிர்காற்றுப் படுவதால் மற்ற வீதிகளுக்கு முன்னரே உறைந்துவிடும்.

இனி ரயர். ஆணி என்றதும் கூரான கம்பியை நினைக்க வேண்டாம். ரப்பருக்குள் புதைந்த ஓர் அடித்தட்டு, அதன் நடுவில் வெளியே 1 மில்லிமீற்றர் அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முனை. இவ்வளவுதான் ஓர் ஆணி. அந்த முனை டங்ஸ்டன் காபைட்டாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ரொறன்ரோவில் பனிக்காலத்திலும் பெரும்பாலான நாள்களில் வீதி உப்புப் போட்டு வெறும் தாராகத்தான் கிடக்கும். சாதாரண உருக்கு ஆணி அந்தத் தாரில் உரசி ஒரே பருவத்தில் மழுங்கிவிடும். காபைட் பல பருவங்கள் தாங்கும். பல ரயர்களில் ஆணிக்கு முன்னதாக ரப்பர்தான் வயதாகிப் போகிறது. இணையத்தில் மலிவாக வருகிறவற்றைக் கிட்ட வைத்துப் பாருங்கள். காபைட் ஆணி இரண்டு துண்டாகத் தெரியும்: சுற்றிவர வெளிர்நிற உடல், நடுவில் மங்கிய சாம்பல் நிறத்தில் சின்னப் பொட்டு. முழுவதும் ஒரே உலோகமாக மினுங்கினால் அது பெரும்பாலும் உருக்குத்தான். விவரத்தில் காபைட் என்ற சொல்லே இல்லையென்றால் அந்த ரயரை விட்டுவிடுங்கள்.

அடுத்து ஆணிகள் எத்தனை வரிசை என்பது. கடைகளில் இதை யாரும் விளக்குவதில்லை. ஆனால் பணத்தை வீணாக்குவதும் ஆளைக் காப்பாற்றுவதும் இதில்தான் இருக்கிறது. சுவோமி நிறுவனத்தின் (முன்னர் நோக்கியன் என்ற பெயரில் வந்தது) டபிள்யூ106 ரயரில் 106 ஆணிகள், இரண்டு வரிசை. டபிள்யூ240 இல் 240 ஆணிகள், நாலு வரிசை. சுவால்பே என்ற இன்னொரு நிறுவனத்திலும் அப்படியே: வின்ரர் என்ற பெயரில் வரும் ரயர் இரண்டு வரிசை, மரதன் வின்ரர் பிளஸ் நாலு வரிசை. மட்டமான ஐஸில் நேராகப் போவதற்கு இரண்டு வரிசை போதும். பெருவீதியும் ஒழுங்காக உப்புப் போடுகிற சைக்கிள் பாதையும் மட்டுமே உங்கள் வழி என்றால் அதையே வாங்கலாம். பாரம் குறைவு, ஓட்டம் இலேசு. குடியிருப்புத் தெருக்களுக்குள் போய்வருகிறவர்களுக்கு அது போதாது. அங்கே பனி பிந்தித்தான் வழிக்கப்படும். அதற்குள் கார்கள் ஓடி ஓடிச் சேறாகிய பனி, இரவில் தண்டவாளம் போன்ற பள்ளங்களாக இறுகிவிடும். சைக்கிள் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கினால், வெளியே வரத் திருப்பும்போது பள்ளத்தின் சுவரில் தொடுவது ரயரின் தோள்ப்பகுதி. அங்கே ஆணி இல்லையென்றால் முன் சில்லு சுவரோடு வழுக்கிக்கொண்டே போகும். ஹாண்டில் ஒரு பக்கம், சைக்கிள் இன்னொரு பக்கம். நாலு வரிசை ரயரின் வெளி வரிசைகள் அந்தச் சுவரைப் பிடித்து ஏறும். வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகிறவர் நாலு வரிசைதான் வாங்க வேண்டும்.

அளவில் பலர் ஏமாறுகிறார்கள். 26 அங்குலம் என்று மட்டும் பார்த்து வாங்கினால் ஏறாது. பழைய ரயரின் பக்கச் சுவரில் 42-622 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது றிம்மில் உட்காரும் விட்டம், இரண்டும் மில்லிமீற்றரில். 26 × 1.75 என்பதன் விட்டம் 559. 26 × 1 3/8 என்பதன் விட்டம் 590. இரண்டும் 26 அங்குலந்தான், ஒன்றின் ரயர் மற்றதில் ஏறவே ஏறாது. இரண்டாவது எண் அச்சொட்டாகப் பொருந்த வேண்டும். அகலத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். மட்காட்டுக்கும் முன் ஃபோர்க்குக்கும் ரயரிலிருந்து சுற்றிவர 6 மில்லிமீற்றராவது இடைவெளி இருக்கட்டும். இடைவெளி அதைவிடக் குறைந்தால், அதில் ஈரப்பனி அடைந்து உறைந்து சில்லையே நிறுத்திவிடும். இடம் போதாவிட்டால் மட்காட்டைக் கழற்றாமல், ஒரு படி ஒடுக்கமான ரயரை எடுங்கள். மட்காட் இல்லாமல் உப்புத் தண்ணீரில் ஓடினால் செயினும் காற்சட்டையும் சேர்ந்து கெடும்.

மாட்டுவது சாதாரண ரயர் போலத்தான், தடித்த கையுறை மட்டும் வேண்டும். பல ரயர்களின் பக்கச் சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். மாட்டுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். பின் சில்லில் மோட்டார் உள்ள மின்சைக்கிளில் வேலை கூடுதல். முதலில் பற்றரியைக் கழற்றிவிட்டு, மோட்டார் வயரின் இணைப்பைப் பிரிக்க வேண்டும். அச்சின் இரண்டு முனையிலும் நாக்கு வைத்த வொஷர் இருக்கும். அந்த நாக்கு சட்டத்தின் பிளவுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். அதைத் தவறாகப் போட்டு நட்டை இறுக்கினால், மோட்டார் இழுக்கும்போது அச்சே சுழன்று வயரை அறுத்துவிடும். பழக்கமில்லாதவர்கள் பின் சில்லைக் கடையில் கொடுத்து மாற்றுவது நல்லது. முன் சில்லில் மோட்டார் உள்ள வண்டிக்கும் இதே கவனம் வேண்டும். அந்த வண்டியின் முன் சில்லுக்கு ஆணி ரயர் தவிர்க்கவே முடியாதது, ஏனென்றால் ஐஸில் முதலில் வெறுமனே சுழல்வது அந்தச் சில்லுத்தான்.

மாட்டியவுடன் ஐஸுக்குப் போகக் கூடாது. முதல் 40 முதல் 50 கிலோமீற்றர் வரை காய்ந்த வெறும் வீதியில், திடீரென இழுக்காமல், பிறேக்கை அழுத்திச் சில்லைத் தேய்க்காமல் ஓட வேண்டும். அப்போதுதான் ரப்பர் ஆணியின் அடித்தட்டை நன்றாக இறுகப் பிடிக்கும். முதல் வாரத்திலேயே ஆணி கழன்று விழுகிறது என்று முறைப்பாடு வருவதெல்லாம் பெரும்பாலும் இதைச் செய்யாததால். நாங்கள் நவம்பர் நடுப்பகுதிக்குள் மாட்டச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஐஸ் பிடித்த பிறகு காய்ந்த வீதியைத் தேட முடியாது. ஜனவரியில் கடைக்குப் போனால் கேட்ட அளவு தீர்ந்திருப்பதும் வழமை.

காற்று அளவு ஐஸில் பெரிய வித்தியாசத்தைச் செய்யும். பக்கச் சுவரில் குறைந்த அளவு, கூடிய அளவு இரண்டும் போட்டிருக்கும். ஐஸ் நாள்களில் முன் ரயர் குறைந்த அளவுக்குச் சற்று மேலே இருக்கட்டும். ரயர் கொஞ்சம் சப்பளிந்து கூடுதல் ஆணிகள் தரையில் படும். காய்ந்த நாள்களில் கூட்டிவிட்டால் ஓட்டம் இலேசாகும், ஆணி தேய்வதும் குறையும். பின் ரயரில் ஆளும் சாப்பாட்டுப் பெட்டியும் பற்றரியும் சேர்ந்து அமுக்குவதால் அதை அந்தளவுக்கு இறக்க வேண்டாம்; குழியில் விழும்போது ரியூப் றிம்முக்கிடையில் நசிந்து வெடிக்கும். இன்னொன்று: 20 பாகை வெப்பத்தில் வீட்டுக்குள் 50 பிஎஸ்ஐ அடித்துவிட்டு −10 இல் வெளியே நிறுத்தினால் அது 43 அளவுக்கு இறங்கிவிடும். ரயர் ஓட்டையில்லை, குளிரில் காற்றுச் சுருங்குகிறது. அதைக் கணக்கிட்டு அடிக்க வேண்டும்.

ஆணி ரயர் செய்யாதவற்றையும் சொல்லாவிட்டால் பிழையாகிவிடும். முழங்கால் அளவுப் பனியில் ஆணியால் பயனில்லை. ஈரமான ஸ்ட்ரீட்கார் தண்டவாளத்திலும் இரும்பு மூடிகளிலும் ஆணி பிடிக்காது; குயீன், கிங், கொலிஜ் போன்ற வீதிகளில் தண்டவாளத்தை நேர்குறுக்காகத்தான் கடக்க வேண்டும். ஈரமான வெறும் தாரில் நிற்க வழமையைவிடக் கூடுதல் தூரம் பிடிக்கும். வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, பின் பிறேக்கை முதலில் மெதுவாகப் பிடித்து, சாயாமல் திரும்ப வேண்டும். றிம்மில் பிடிக்கிற பிறேக் என்றால் றிம்மில் ஒட்டிய ஈரமும் ஐஸும் துடைபட்ட பிறகுதான் பிடிக்கும். இடைக்கிடை இலேசாகத் தொட்டுக்கொண்டே ஓடுங்கள். சிக்னலில் நின்று காலை ஊன்றும்போது விழுகிறவர்களும் இருக்கிறார்கள்: ரயர் ஐஸைப் பிடித்து நிற்கும், சப்பாத்தில் ஆணி இல்லை. நிற்கிற இடத்தைப் பார்த்து, காலை முழுப் பாதமாக வையுங்கள்.

பழைய ரயருக்கு உள்ளேயிருந்து திருகாணி முறுக்கி வீட்டிலேயே ஆணி ரயர் செய்வதை வீடியோக்களில் பார்த்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். உறைந்த ஏரிக்கரையில் விளையாட அது போதும். தார் வீதியில் திருகாணி விரைவில் தேய்ந்துவிடும். அதன் தலை உள்ளே ரியூப்பை அரித்து, ஓட்டத்தின் நடுவில் காற்றை இறக்கிவிடும். சில்லைச் சுற்றிப் பிளாஸ்டிக் கட்டு இறுக்குவதும் வேண்டாம். றிம் பிறேக் இருந்தால் முதல் பிடியிலேயே அறும்.

நல்ல ஆணி ரயர் ஒன்று சாதாரண அளவில் 100 டொலரை ஒட்டி வரும்; நாலு அங்குல அகலம் என்றால் அதைவிட வெகுவாகக் கூடும். ஒரு சோடிக்குக் காசு இல்லாதவர் முன்னுக்கு ஒன்றை வாங்கட்டும். பின் சில்லு வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்து நிமிரலாம். முன் சில்லு போனால் யோசிக்கவே நேரமில்லை. இறக்கத்தில் மட்டும் பின்பக்கம் விலகி வரும் என்பதை மனத்தில் வைத்து மெதுவாக இறங்க வேண்டும். தங்கள் கடையின் சைக்கிளிலேயே பிள்ளைகளை விநியோகத்துக்கு அனுப்புகிற உணவக உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: இந்த ரயரை வாங்கிக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. கடையின் வானுக்கு வின்ரர் ரயர் போடும்போது சாரதியின் சம்பளத்தில் கழிப்பதில்லை. சைக்கிளுக்கும் அதே நியாயந்தான். ஐஸ் மழை எச்சரிக்கை வந்த இரவில் விநியோகத்தை நிறுத்துவதும் உங்கள் கையில் இருக்கிறது. இதை ஒக்ரோபர் கடைசியிலேயே ஒரு சிறு அறிவித்தலாகவாவது ஆண்டுதோறும் வெளியிடும்படி ஆசிரியரையும் கேட்டுக்கொள்கிறோம்.

ஏப்ரலில் இரவு உறைபனி நின்றதும் கழற்றிவிடுங்கள். சூடான தாரில் ரப்பர் வீணாகத் தேயும். உப்பைக் கழுவிக் காயவிட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள். முன் ரயர் எது, பின் ரயர் எது என்று சோக்கட்டியால் குறித்துவிட்டால், அடுத்த நவம்பரில் குழப்பமில்லாமல் முன்பு சுழன்ற அதே திசையில் மாட்டலாம்.

இப்படிக்கு,
சைக்கிள் திருத்துநர்கள் சிலர்
ஸ்காபரோ, ஒன்ராறியோ