அந்த ஏற்காட்டு மனைக்கு அட்வான்ஸை இன்னும் கொடுக்கவில்லையே?

கன்னங்குறிச்சி, சேலம்
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள ஒட்டகம்,

கொடுத்துவிட்டாய் என்றால் மீதியைப் படிக்காதே, உடனே போன் பண்ணு. கொடுக்கவில்லை என்றால் ஒரு டீ போட்டுக்கொண்டு உட்கார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த ஏற்காட்டு மனையின் படங்கள் பதினேழு அனுப்பினாய். நான் ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். தப்புதான். வீட்டில் வெள்ளையடிப்பு, அப்புறம் சின்னவளுக்குப் பரீட்சை, அப்புறம் என் முட்டி. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். ஆனால் போனில் நீ என்னைப் பேசவிட்ட சரித்திரம் உண்டா? உன் வீட்டுக்காரி, என் தங்கச்சிக்கு சுகர் கட்டுக்குள் இருக்கிறதா? இங்கே எல்லோரும் நலம். மொட்டை ரிட்டயர் ஆகிவிட்டான், இப்போது தலையில் முடி வேறு முளைத்திருக்கிறது, காசு கொடுத்து.

விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை சித்தப்பாவையும் இழுத்துக்கொண்டு உன் மனையைப் பார்க்கப் போனேன். இருபது கொண்டை ஊசி வளைவில் பதினோராவதிலேயே சித்தப்பா ஆரம்பித்துவிட்டார். மஞ்சள் பையை மறக்காமல் நானே எடுத்துப் போயிருந்தேன், நமக்குத் தெரியாதா!

இடம் அழகு, மறுக்கவில்லை. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடி, காலை பதினொரு மணிக்கும் பனி. அந்தப் பனியைப் பார்த்தால் எனக்கே கையெழுத்துப் போடத் தோன்றியது. ஆனால் உன் படங்களில் இல்லாத ஒன்று உண்டு. தார் ரோடு முடிந்த பிறகு இன்னொருத்தர் தோட்டத்துக்குள்ளே நடந்துதான் உன் மனைக்குப் போக வேண்டும். கூட வந்த பையன், "பதினாறு அடி தடம் சார்" என்றான். எந்தப் பத்திரத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "எல்லாரும் போய்க்கிட்டுதான் சார் இருக்காங்க" என்றான். அந்தத் தோட்டக்காரர் நாளைக்கு ஒரு கேட்டைப் போட்டுப் பூட்டினால் நீ ஹெலிகாப்டரில்தான் இறங்க வேண்டும். தண்ணீர் பற்றிக் கேட்டதற்கு "லாரி வரும்" என்றான். பன்னிரண்டு சென்ட் என்கிறார்கள், அதாவது 5,227 சதுர அடி. அதில் பாதிக்கு மேல் சரிவு. கயிறு பிடித்துப் பார்த்ததில் வீடு கட்டத் தோதான சமதளம் மூன்று சென்ட் தேறினால் பெரிது.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. திரும்பும்போது ஏரிக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். எந்த இடம் பார்க்க வந்தீர்கள் என்று கடைக்காரர் கேட்டார், சொன்னேன். "அட, பெரியவர் தோட்டமா? அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சே" என்றார்.

எனக்கு டீ இறங்கவில்லை. நீ அனுப்பிய காகிதங்களில் பெரியவர்தான் உரிமையாளர். விற்பவருக்கு அவர் கொடுத்த பவர், அதாவது அவர் சார்பில் விற்கலாம் என்று எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம் மட்டும்தான் இருக்கிறது. பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவரும் அதோடு செத்துப்போகிறது. அதற்குப் பிறகு வாரிசுகள் எல்லோரும் வந்து கையெழுத்துப் போட்டால்தான் கிரயம். பவரை வைத்துக் கிரயம் பதியப் போனால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று டாக்டர் சான்று கேட்பார்கள். "பதிவை மெதுவாக வைத்துக்கொள்ளலாம், இப்போதைக்கு அட்வான்ஸ் மட்டும் போதும்" என்று அவர்கள் ஏன் அவ்வளவு பெருந்தன்மையாக இருக்கிறார்கள் என்று இப்போது புரிகிறதா?

நீ சொல்லுவாய், முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது என்று. இருக்கும்டா. பதிவான பத்திரம் மட்டும்தானே வில்லங்கத்தில் வரும்? சாவு அதில் வராது. வாய்மொழித் தடம் வராது. விற்பவரோடு கூடப் பிறந்த தங்கை வரமாட்டாள்.

அந்தத் தங்கை கதையை உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது.

2009இல் இந்த வீட்டை வாங்கினேன் அல்லவா, அண்ணன் தம்பி இரண்டு பேர் விற்றார்கள். பட்டா அவர்கள் பேரில். வில்லங்கம் சுத்தம். பி.எஃப். பணத்தில் வாங்கியதால் பேங்க் வக்கீல்கூடப் பார்க்கவில்லை. தங்கை இருப்பது தெரியும். "அவளுக்குத்தான் சீர் செய்து அனுப்பிவிட்டோமே" என்றார்கள், நானும் தலையாட்டினேன். வாரிசுச் சான்றிதழைக் கேட்கவே இல்லை. நான்கு வருஷம் கழித்து அந்தத் தங்கையிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அப்பா சொந்தமாகச் சம்பாதித்த வீடு, உயில் எழுதாமல் போனவர். மகனுக்கு எவ்வளவு பங்கோ மகளுக்கும் அவ்வளவு. 1956 சட்டத்திலேயே அப்படித்தான். பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989லேயே வந்துவிட்டது. பட்டாவை வைத்து மட்டும் உரிமை வந்துவிடாது என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் தம்பி இருவரும் போனை எடுக்கவில்லை.

கடைசியில் பேசி முடித்தோம். நான்கு லட்சம் கொடுத்து, தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக அவரிடம் விடுதலைப் பத்திரம் வாங்கினேன். அந்தம்மா பத்திரத்தன்று வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து என் வீட்டுக்காரி உள்ளே போய்விட்டாள். அவர் நேராகக் கொல்லைப்பக்கம் போய், "எங்கம்மா அம்மி இன்னும் இங்கேதான் இருக்குதுங்களா?" என்று கேட்டார். துணி துவைக்கும் கல் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. நிமிர்த்தி, முந்தானையால் துடைத்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த நான்கு லட்சத்தைப் பற்றி அதற்குப் பிறகு புலம்பத் தோன்றவில்லை. அம்மியை எடுத்துப் போகச் சொன்னேன். ஆட்டோக்காரர் அதற்குத் தனிக் காசு கேட்டார், அதையும் நானே கொடுத்தேன். ஆக, நான்கு லட்சத்து நூறு.

அதனால்தான் சொல்கிறேன், பெரியவருக்கு எத்தனை பிள்ளைகள், யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் ஒரு ரூபாய் கைமாறக் கூடாது. வாரிசுச் சான்றிதழைக் கேள். மூலப்பத்திரத்தை ஜெராக்ஸில் காட்டினால் ஒரிஜினலைக் கேள். அது அடமானத்தில் இருந்தாலும் இருக்கும். சர்வேயரை வைத்து, நில அளவை வரைபடமான புலப்படத்தோடு அளந்து பார். மலையில் மனை பிரிக்க டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்புத் துறை) அனுமதி மட்டும் போதாது, 1990இல் வந்த மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் சம்மதமும் வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேல் பிரித்து விற்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இருக்க வேண்டும். உன் வண்ண நோட்டீஸில் யானைப் படம்கூட இருக்கிறது, அந்த எண்ணைக் காணோம். பழங்குடி மக்களுக்கு அரசு ஒப்படைத்த நிபந்தனைப் பட்டா நிலம் எதுவும் நடுவில் சிக்கியிருக்கிறதா என்று தாலுகா ஆபீஸில் நானே விசாரிக்கிறேன். அப்படி இருந்தால் யாருக்கு என்ன விலை கொடுத்தாலும் உனக்கு நிற்காது, அவர்கள் நிலத்தை நாம் தொடவும் கூடாது.

பணக்கணக்கும் நீ பாதிதான் போட்டிருக்கிறாய். பத்திரத்தில் 60 லட்சம் என்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இரண்டும் சேர்த்து 5 லட்சத்து 40 ஆயிரம். தங்கச்சி பேரில் பதிந்தால் ஒரு சதவீதம் குறையும் என்று எழுதியிருந்தாய். அது 10 லட்சத்துக்குள் இருக்கிற சொத்துக்குத்தான். 50 லட்சமோ அதற்கு மேலோ போனால் ஒரு சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டியது வாங்குகிற நீ, விற்பவர் இல்லை. கட்டத் தவறினால் நோட்டீஸும் உனக்குத்தான்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே. மே மாதம் கோடை விழாவுக்கு வந்து பூவைப் பார்த்துவிட்டு வீடு வாங்க முடிவு செய்தவன் நீ. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. அந்த மாதிரி ஒரு ராத்திரியில் தங்கச்சிக்கு சுகர் இறங்கினால் என்ன செய்வாய்? குப்பனூர் வழி இருக்கிறது என்பாய். அதுவும் மலைதானே. நமக்கு அறுபது நெருங்குகிறதடா. எனக்கு மாடிப்படியே மலையாக இருக்கிறது.

நான் சொல்வது இதுதான். ஐப்பசியில் வா. மேலே ஒரு வீட்டை ஒரு வருஷம் வாடகைக்குப் பிடி, மழையும் பனியும் அட்டைப்பூச்சியும் பார். பிடித்தால் அப்போது வாங்கு, சித்தப்பாவைத் தவிர எல்லோரும் மேலே வந்து போகிறோம். பிடிக்கவில்லை என்றால் எங்கள் தெருவிலேயே ஒரு வீடு விலைக்கு வருகிறது. மொட்டைமாடியிலிருந்து மலை முழுதாகத் தெரியும், மூக்கனேரி நடை தூரம், சாயங்காலம் தட்டுவடை செட்டுக்கு இறங்கி நடந்தால் போதும். அதற்கும் வாரிசுச் சான்றிதழ் கேட்டு வைத்திருக்கிறேன். மூன்று மகள்கள், மூன்று பேரிடமும் பேசிவிட்டேன்.

உன்,
சோடாபுட்டி

பி.கு: அவசரத்தில் எழுந்து வந்ததில் அந்த டீக்கடையில் இரண்டு டீக்குக் காசு கொடுக்க மறந்துவிட்டோம். உன் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன், வரும்போது கொடுத்துவிடு.