மலைக்கு வருகிறவர்களை நடக்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மே மாதம் பிறந்தாலே நீலகிரி பற்றி நம் பத்திரிகைகளில் வருவதெல்லாம் வண்டிச் செய்திதான். இன்றைக்கு எத்தனை இ-பாஸ், எந்த வளைவில் எவ்வளவு நேரம் நெரிசல், எந்தப் பாதையில் ஏற வேண்டும், எதில் இறங்க வேண்டும். உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது, 2025-இல் வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று வரம்பும் வந்தது. வரட்டும், அந்த மலைக்கு அது தேவை. ஆனால் வண்டியே இல்லாமல் அரசு பஸ்ஸில் ஏறி வந்து, பகலெல்லாம் நடந்து மலையைப் பார்க்க நினைக்கிற குடும்பத்துக்கு அங்கே என்ன வசதி இருக்கிறது? அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் திருப்பூர். நான், கணவர், 12 வயது மகள், 8 வயது மகன். இந்த விடுமுறையில் ஐந்து நாள் கோத்தகிரியில் தங்கினோம். அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம், அங்கிருந்து கோத்தகிரி பஸ். அரசு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இ-பாஸும் வேண்டாம், பார்க்கிங் தேடும் வேலையும் இல்லை. தினமும் காலை ஆறரைக்கு டிபன் பாக்ஸோடு கிளம்புவோம், மதியம் இரண்டு மணிக்குள் திரும்பிவிடுவோம். மே மாதத்தில் மதியத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கிவிடும், மழையும் பிடித்துக்கொள்ளும். முதல் நாளே நனைந்து கற்றுக்கொண்ட பாடம் இது.

மறுநாள் லாங்வுட் சோலைக்குப் போனோம். கோத்தகிரி ஊரை ஒட்டியே 116 ஹெக்டேரில் நிற்கிற காடு, 2024 ஜனவரியில் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. அனுமதி வாங்கி, காவலர் ஒருவரோடு உள்ளே நுழைந்தோம். வெளியே தேயிலைத் தோட்டத்தில் அடித்த வெயில் பத்தடிக்குள் காணாமல் போய்விட்டது. காவலர் குனிந்து உதிர்ந்த இலையை ஒரு கைப்பிடி அள்ளி, அடியில் இருந்த கறுப்பு மண்ணை மகன் கையில் வைத்து, "அமுக்கிப் பாரு தம்பி" என்றார். விரல் இடுக்கில் தண்ணீர் கசிந்தது! கீழே இருக்கிற ஊர்களுக்கு வருகிற தண்ணீர் இப்படித்தான் சேர்கிறது, மழை நின்ற பிறகும் சோலை இதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது என்று அவர் சொல்ல, பாடப் புத்தகத்தில் படித்ததை மகள் அங்கே கையால் தொட்டுப் பார்த்தாள். காரில் வந்து வியூ பாயின்ட்டில் செல்ஃபி எடுத்துக்கொண்டு போயிருந்தால் இது கிடைத்திருக்காது.

அப்புறம் ஒரு நாள் கோடநாடு வரை பஸ்ஸில் போய், தேயிலைத் தோட்டத்து ரோட்டில் பாதி தூரம் நடந்து திரும்பினோம். காட்சிமுனையிலிருந்து பார்த்தால் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு, தெங்குமரஹாடாவின் பச்சை வயல், எதிரே ரங்கசாமி மலை முகடு. இன்னொரு நாள் கன்னேரிமுக்கில் 1819-இல் அப்போதைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய பங்களாவைப் பார்த்துவிட்டு, ஹட்டி என்று சொல்கிற படுகர் ஊர் ஒன்றிலிருந்து அடுத்த ஹட்டிக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். அங்கேதான் தேயிலை பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கையைக் காட்டி எங்களை நிறுத்தினார். "அம்மாடி, அப்படியே நில்லுங்க, மாடு நிக்குது." பார்த்தால் முப்பது அடி தூரத்தில் செடிகளுக்கு மேலே ஒரு காட்டு மாட்டின் முதுகு. வெள்ளை சாக்ஸ் போட்டது மாதிரி காலும் தெரிந்தது. கணவர் போனை எடுக்க, "படம் வேண்டாம் தம்பி, கிட்டப் போகாதீங்க, அது போற வழிய மறைக்காதீங்க, தானா போயிடும்" என்றார். பத்து நிமிஷம் நின்றோம். அது போயிற்று. அந்த அம்மா மகளுக்கு இரண்டு தவிட்டுப் பழம் பறித்துக் கொடுக்க, நாக்கு ஊதாவாகி அன்று முழுக்க எல்லோரிடமும் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

சரி, குறைக்கு வருகிறேன். எந்தப் பாதையில் போகலாம், எதில் போகக் கூடாது என்று தமிழில் ஒரு பலகை அந்த ஐந்து நாளில் எங்கள் கண்ணில் படவில்லை. ஒரு அலுவலகத்தில் கேட்டால் இன்னொரு அலுவலகத்தைக் கையைக் காட்டினார்கள், அங்கே போனால் "ஆன்லைனில் பாருங்க" என்றார்கள். பலாப்பழ சீசனில் குஞ்சப்பனை, முள்ளூர் பக்கம் யானை வரும், அங்கே நடக்கவே கூடாது என்ற முக்கியமான விஷயத்தைக்கூட எங்களுக்குச் சொன்னது பஸ் கண்டக்டர்தான். அவர் சொல்லாவிட்டால் குழந்தைகளோடு அங்கே இறங்கியிருப்போம், இதை எழுதும்போதுகூட மனம் பதறுகிறது. பிளாஸ்டிக் பாட்டில் கூடாது என்ற தடையை முழு மனதோடு ஆதரிக்கிறேன், நாங்கள் எவர்சில்வர் பாட்டில்தான் கொண்டுபோனோம். ஆனால் அதை நிரப்பப் போன இடத்தில் குடிநீர் இயந்திரம் ஓடவில்லை. கழிப்பறை பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை, பெண்ணைக் கூட்டிக்கொண்டு நாள் முழுக்க நடக்கிற தாய்மாருக்கு நான் சொல்லாமலே புரியும்.

காட்டையெல்லாம் திறந்துவிடுங்கள் என்று நான் கேட்பதாக யாரும் நினைக்க வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை மறக்க முடியாது. அதற்குப் பிறகு விதிகள் வந்தன, 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளோடு மலையேற்றத் திட்டம் தொடங்கியது, பழங்குடி மக்களை வழிகாட்டிகளாகப் போட்டது, நல்ல காரியம். ஆனால் அதில் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம், நாலு பேர் குடும்பம் ஐந்து நாளும் அப்படிப் போனால் எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகாது. நான் கேட்பது அதைவிடச் சின்னது. ஊர் மக்களே தினமும் நடக்கிற ஹட்டிப் பாதைகள், தோட்டத்து ரோடுகள், இவற்றில் பாதுகாப்பான பத்துப் பதினைந்தைத் தேர்ந்தெடுத்து, ஊர்க்காரர்களையும் தோட்டக்காரர்களையும் கேட்டு, எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், எந்த மாதம் மூடியிருக்கும், திரும்பி வர பஸ் எப்போது என்று கோத்தகிரி, குன்னூர், ஊட்டி பஸ் நிலையங்களில் தமிழில் எழுதி வையுங்கள். காட்டு மாட்டைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த அம்மா சொன்னதை அப்படியே அடியில் எழுதினால் போதும். பாதை தெரிந்த உள்ளூர்ப் பெண்கள் கூட வரத் தயாராக இருந்தால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி கொடுக்க எங்களைப் போன்றவர்கள் யோசிக்க மாட்டோம்.

மாவட்ட நிர்வாகம் இதைச் செய்கிறவரை உங்கள் நாளிதழாவது சீசன் செய்திகளுக்குப் பக்கத்தில் தினம் ஒரு நடைப் பாதையையும் அதற்கான பஸ் நேரத்தையும் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பள்ளி திறக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பூர்.