பொருள்: நான் எழுதாததை என் பெயரில் பிள்ளைகளுக்கு அனுப்பியது, ஐந்தாவது புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். முந்தைய நாலு புகாரும் டிக்கெட் எண்ணோடு உங்களிடமே கிடக்கின்றன. நாலுக்கும் ‘தீர்க்கப்பட்டது’ என்று பச்சை டிக் போட்டிருக்கிறீர்கள். என்ன தீர்ந்தது என்று யாராவது சொன்னால் தேவலை.

கேரளாவில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருந்து உங்கள் ஆப்பில் தமிழ் மீடியம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். மொத்தம் 26 பேர். பாதிப் பேர் இந்தச் சித்தூர் தாலுகா, மிச்சம் மறையூர், மூணாறு எஸ்டேட் லயங்களில் இருப்பவர்கள். ஆண்டுச் சந்தா 9,600 ரூபாய் ஒரே தவணையில் கட்டியவள் நான்.

ஜூலை அப்டேட்டில் வந்ததே ஒரு தானியங்கி நினைவூட்டல், பிரச்சினை அதுதான். அது எப்படி வேலை செய்யும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அது என்ன செய்தது என்று மட்டும் சொல்கிறேன். என் மாணவன் ஒருவன் நாலு நாள் வகுப்புக்கு வரவில்லை. பாட்டியைச் சித்தூர் தாலுகா ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள், வீட்டில் இருக்கும் ஒரே போன் அம்மாவோடு அங்கே போய்விட்டது. இது எனக்கு முதல் நாளே தெரியும். ஐந்தாம் நாள் அந்த போனுக்கு என் போட்டோவோடு, என் பெயரோடு ஒரு செய்தி: “உன் முயற்சியின்மை எனக்கு ஏமாற்றம் அளிக்கிறது. தொடர்ந்து தவிர்த்தால் நடவடிக்கை எடுக்கப்படும்.” வார்டில் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அந்த அம்மா படித்திருக்கிறார்.

‘முயற்சியின்மை’ என்ற சொல்லை என் வாயால் நான் சொன்னதே கிடையாது. வராத பிள்ளையிடம் “என்ன கண்ணு, ஆளையே காணோம்?” என்றுதான் கேட்பேன். அதுவும் அம்மாவுக்கு போன் போட்டு, வீட்டு நிலவரம் விசாரித்த பிறகு.

அவன் வீட்டுக்கு நேரில் போய், “அது நான் எழுதினது இல்லை” என்று சொல்ல வேண்டியதாயிற்று. “உங்க போட்டோ இருந்துச்சே டீச்சர்” என்றான். அதற்கு நான் என்ன பதில் சொல்ல? நீங்கள் சொல்லுங்கள்.

உங்கள் ஆட்களிடம் இதைச் சொல்லப் பட்ட பாடு தனி. நம்பர் கேரளா என்பதால் கொச்சிக்குப் போகிறது. தமிழ் மீடியம் என்றால், “அது கோயம்புத்தூர் பாக்கணும்” என்கிறார்கள். கோயம்புத்தூரில், “அட்ரஸ் பாலக்காடு காட்டுதே, கொச்சிதான்” என்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்து தமிழ் பேசுவது எங்கள் குற்றமா? நேரில் வந்தால் முடியும் என்று ஒருவர் சொன்னார் என்று, ஒரு சனிக்கிழமை வகுப்பை ரத்து செய்துவிட்டு வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் உக்கடம், அங்கிருந்து டவுன் பஸ், அப்புறம் லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் மூன்று மாடி என்று ஏறி வந்தேன். கதவு பூட்டியிருந்தது. இரண்டாம் சனி லீவாம். வாட்ச்மேன் தண்ணீர் கொடுத்தார். உங்கள் நிறுவனத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சேவை அதுதான்.

அதைவிட மோசம், 14ஆம் தேதி மதியம் பேசிய பெண். பெயர் கேட்டேன், சொல்லவில்லை. “இருபத்தாறு பசங்கதானே மேடம், இதுக்கா இவ்ளோ? யாரு அனுப்புனாங்கன்னு அவங்க பாக்கவா போறாங்க?” என்றார். பார்த்தார்களே! அதனால்தானே இந்தக் கடிதம். இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடியிருக்க, 2020 ஜூன் 1 முதல் கேரள அரசின் விக்டர்ஸ் கல்வி சேனலில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் ஓடியபோது டிவியில் வந்தது ஒருவழிப் பாடம்தான். ஆனால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட டீச்சர்கள் சாயங்காலம் வீடு வீடாக போன் போட்டு, “புரிஞ்சுதா? எங்கே நின்னுது?” என்று கேட்டார்கள். பிள்ளைகள் ஒட்டிக்கொண்டு இருந்தது அதனால்தான். நான் ஆன்லைன் வகுப்பு எடுக்கக் கற்றது அவர்களைப் பார்த்துத்தான். முதல் ஐந்து நிமிஷம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். நோட்டு போட்டோ அனுப்பினால் ஒவ்வொருவருக்கும் வாய்ஸ் நோட் போடுவேன். மழையில் சிக்னல் போகும் மூணாறு பிள்ளைகள் அதை வைத்துத்தான் விட்ட பாடத்தைப் பிடிக்கிறார்கள். வட்டப் பாடத்துக்கு என் வளையலைத் தாளில் வைத்து வரைந்து கேமராவில் காட்டுவேன். இப்போது அதுவும் போயிற்று. அப்டேட்டுக்குப் பிறகு டீச்சர் முகம் மூலையில் தபால் தலை அளவுக்கு ஆகிவிட்டதே, வளையல் எங்கே தெரியும், கண்ணாடி போட்டுப் பார்த்தாலும்?

நாலு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். மாதம் 400 ரூபாய் வீதம் பார்த்தால் சின்னத் தொகை என்பீர்கள். 11 வருஷம் சேர்த்த பெயர் போயிற்று, இனி இந்தத் தாலுகாவில் யாரும் என்னிடம் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். எனக்கு 50,000 ரூபாய் நஷ்டஈடு வேண்டும். சந்தாப் பணம் அது தனி.

தயவு செய்து அந்த நினைவூட்டலை நிறுத்துங்கள். ஆசிரியர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் அவர் பெயரில் ஒரு வரிகூடப் போகக் கூடாது. ஏற்கெனவே போன செய்திக்கு, ‘இது டீச்சர் எழுதியது அல்ல’ என்று உங்கள் நிறுவனத்தின் பெயரில் அந்த வீட்டுக்குத் தமிழில் எழுதுங்கள். தமிழ் தெரிந்த மனிதர் எழுதட்டும்.

15 நாளில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடிப்பேன், அதற்கும் அசையவில்லையென்றால் வழக்கு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், உங்கள் மூன்றாம் மாடிக்கு இன்னொரு முறை ஏற வேண்டியதில்லை. நீங்கள்தான் பாலக்காட்டுக்கு வர வேண்டும். ‘இது வியாபாரம், நீங்கள் நுகர்வோர் இல்லை’ என்றும் சொல்லிப் பார்க்க வேண்டாம். சுயதொழிலாகப் பிழைப்புக்குச் செய்பவர்களுக்கு அந்தச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

உங்கள் ஆப் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஜூன் வரை நன்றாகத்தான் இருந்தது, இரண்டு டீச்சர்களுக்கு நானே சிபாரிசும் செய்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு பொறுமை.

போனில் பேசுவதாக இருந்தால் மாலை 6 முதல் 8 வரை வேண்டாம், வகுப்பு நேரம். 14ஆம் தேதி பேசிய அந்தப் பெண்ணும் வேண்டாம்.

இப்படிக்கு,
கணக்கு டீச்சர்,
கொழிஞ்சாம்பாறை