ஏழு மணிக்கு மேல் சாப்பிடக் கூடாது என்ற உங்கள் 90 நாள் திட்டம் பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: 90 நாள் தொப்பை குறைப்புத் திட்டத்துக்குக் கட்டிய ரூ.14,500-ஐத் திருப்பித் தருவதும், உங்கள் ஊழியர் என்னிடம் பேசிய பேச்சும்.

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் ‘உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது’ என்று ஒரு எண் வந்தது, அதோடு சரி. பதினோரு தடவை போன் செய்துவிட்டேன், மூன்று தடவை நேரில் வந்துவிட்டேன். இனி அலைய உடம்பில் தெம்பில்லை, அதனால் எல்லாவற்றையும் எழுதியே அனுப்புகிறேன், பொறுமையாக முழுதும் படியுங்கள்.

நான் திருவெறும்பூரில் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அடுப்பு பற்றவைத்தால் இரவு பத்தரைக்குத்தான் அணைப்பேன். ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள்தான் எனக்கு முக்கியமான வியாபாரம். பாத்திரம் கழுவி, மறுநாளைக்கு உளுந்து அளந்து வைத்துவிட்டு நான் தட்டில் கை வைக்கும்போது மணி பதினொன்று ஆகிவிடும். இருபது வருடமாக இப்படித்தான். இதையெல்லாம் பிப்ரவரி 10ஆம் தேதி சேரும்போதே உங்கள் ஆலோசகரிடம் சொன்னேன். சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு சேர்ந்த மாத்திரை எடுக்கிறேன் என்று உங்கள் படிவத்தில் என் கையாலேயே எழுதியும் கொடுத்தேன். அவர் அதைப் படித்த மாதிரியே தெரியவில்லை. ‘ராத்திரி சாப்பிடுறதுதான்க்கா உங்க தொப்பைக்கு ஒரே காரணம், ஏழு மணிக்கு மேல உள்ள போற எல்லாமே நேரா வயித்துல கொழுப்பாப் போய் உக்காந்துரும்’ என்றார். ஆறரைக்கு ஒரு கிண்ணம் சூப், நாலு வெள்ளரித் துண்டு, அதற்கப்புறம் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது, காலையில் வெறும் வயிற்றில் உங்கள் தேநீர், வாரத்தில் மூன்று நாள் வயிற்றில் சுடச்சுடக் கட்டும் அந்தப் பட்டை, தினமும் வயிற்றுக்கு, படுத்தபடி உடம்பை மடக்கி எழும் மடக்குப் பயிற்சி நூறு தடவை. 90 நாளில் இடுப்பில் நாலு அங்குலம் குறையாவிட்டால் முழுப் பணமும் வாபஸ் என்று ரசீதிலேயே அச்சடித்திருக்கிறீர்கள். அந்த ரசீது பத்திரமாக என்னிடம் இருக்கிறது.

90 நாள் கழித்து என்ன ஆயிற்று என்று சொல்வதற்கு முன்னால், உங்கள் போனில் பேசிய அந்த ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு எழுதவே ஓடாது. மே 19ஆம் தேதி பகல் பன்னிரண்டரை மணி. இடுப்பு 98 சென்டிமீட்டர் இருந்தது இப்போது 97, ஒரே ஒரு சென்டிமீட்டர்தான் குறைந்திருக்கிறது, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் தம்பி என்று தன்மையாகத்தான் கேட்டேன். அதற்கு அவர், ‘இட்லிக் கடை வச்சிருக்கீங்க, ருசி பாக்குறேன்னு ராத்திரில நாலு தோசை உள்ள போயிருக்கும், அதை மறைச்சுட்டு எங்க மேல பழி போடாதீங்கம்மா’ என்றார். பின்னால் யாரோ சிரித்த சத்தமும் கேட்டது. இருபது வருடமாகத் தோசை ஊற்றுகிற கை இது. வாடிக்கையாளருக்கு ஊற்றிய தோசையில் ஒரு விள்ளல்கூட எடுத்து வாயில் போட்டது கிடையாது. பசியோடு கல்லுக்கு முன்னால் நின்று, நெய் ரோஸ்ட் வாசனை முகத்தில் அடிக்க அடிக்க, உங்கள் பேச்சை நம்பி எச்சில் விழுங்கிக்கொண்டு நின்றேனே, என்னைப் பார்த்தா திருடித் தின்றாய் என்கிறார்?

அந்தப் பட்டினியின் பலனையும் கேளுங்கள். மார்ச் 6, இரவு ஒன்பதேகால் இருக்கும். மாத்திரையை வழக்கம்போல் போட்டிருந்தேன், வயிற்றில் சூப்பைத் தவிர எதுவும் இல்லை. முதலில் கை நடுங்கியது, அப்புறம் நெற்றியெல்லாம் குளிர்ந்து வேர்த்தது, கரண்டி நழுவிவிட்டது, அதைப் பிடிக்கப் போன நான் அப்படியே முன்னால் சரிந்தேன். வலது முழங்கைக்குக் கீழே தோசைக்கல்லின் விளிம்பு பட்டு ஒரு விரல் அகலத்துக்குத் தோல் வழண்டுவிட்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் போட்டோ அனுப்புகிறேன். பக்கத்துக் கடைக்காரர்தான் வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றி ஆட்டோவில் ஏற்றினார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை 52. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து, இந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தச் சொன்ன புண்ணியவான் யார் என்று டாக்டர் என்னைத் திட்டினார். உங்கள் பெயரைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

தேநீர் டப்பாவையும் அவரிடம் காட்டினேன். பொடி எழுத்தில் மூன்றாவதாக நிலாவரை என்று போட்டிருப்பதைக் காட்டி, இது பேதி மருந்து என்றார். உங்கள் தேநீரில் என்ன கலக்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நாட்டு மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்கு வாங்குவோமே அதே நிலாவரைதான். முதல் பத்து நாளில் இரண்டரை கிலோ குறைந்துவிட்டது என்று மாலை போடாத குறையாகப் பாராட்டினீர்கள். அது நாலைந்து தடவை பின்பக்கம் ஓடியதில் போன தண்ணீர். நாள்கணக்கில் குடித்தால் உடம்பில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பையே பாதிக்கும் என்கிறார் டாக்டர். இதைக் கொழுப்பைக் கரைக்கும் தேநீர் என்று விற்க எப்படி மனம் வந்தது?

பட்டை கதையும் அதேதான். நாற்பது நிமிடம் சுடச்சுட வயிற்றில் கட்டி, நைட்டியெல்லாம் நனைந்த பிறகு எடை பார்த்து ‘700 கிராம் கொழுப்பு உருகிருச்சு’ என்று அட்டையில் எழுதுவீர்கள். வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தால் பழைய எடை வந்துவிடும். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறதாம். ஒரு மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க நடந்தாலே முந்நூறு, முந்நூற்றைம்பதுதான் செலவாகும், படுத்துக்கொண்டு பட்டை கட்டினால் எங்கிருந்து 700 கிராம் கொழுப்பு உருகும் அம்மா என்று என் மகள் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை.

அவள் பிசியோதெரபி மூன்றாம் வருடம் படிக்கிறாள். நூறு மடக்குப் பயிற்சியைப் பற்றியும் அவள்தான் சொன்னாள். 1971லேயே டென்னிஸ் வீரர்களின் இரண்டு கைகளையும் அளந்து பார்த்தார்களாம். மட்டை பிடித்து வருடக்கணக்கில் உழைத்த கையிலும் சும்மா இருந்த கையிலும் தோலுக்கடியில் கொழுப்பு ஒரே அளவுதான் இருந்ததாம். 2011ல் ஆறு வாரம் வயிற்றுக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோதும் தசைக்குப் பலம் கூடியதே தவிர வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை. நாம் சொல்கிற இடத்திலிருந்து உடம்பு கொழுப்பை எடுக்காது, மொத்தமாகக் குறையும்போதுதான் தொப்பையும் குறையும். கல்லூரியில் படிக்கிற பெண்ணுக்குத் தெரிந்தது, இதையே தொழிலாக நடத்தும் உங்களுக்குத் தெரியாதா?

ராத்திரி சாப்பாட்டில் என் பக்கம் தப்பே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. பதினொரு மணிக்கு மீந்த வடை, மீந்த பொங்கல் என்று வீணாகக் கூடாதே என்று வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அப்படியே படுத்திருக்கிறேன். அது கெடுதல்தான். பாஸ்டனில் 2022ல் 16 பேரை வைத்து, அதே சாப்பாட்டை நாலு மணி நேரம் தள்ளிக் கொடுத்துப் பார்த்ததில் பசி கூடியது, உடம்பு செலவழிக்கும் கலோரியும் கொஞ்சம் குறைந்தது என்று மகள் படித்துக் காட்டினாள். இதை இதே அளவில் நீங்கள் சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பேன். ஆனால் ஏழு மணி அடித்ததும் இட்லி கொழுப்பாக மாறிவிடும் என்று அதில் எங்கேயும் இல்லை, நாள் முழுவதும் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதுதான் பெரிய கணக்கு. டாக்டர் சொன்னதைக் கேளுங்கள்: ‘கடை திறக்குறதுக்கு முன்னாடி அஞ்சரைக்கே ராத்திரிச் சாப்பாட்டை முடிச்சுரும்மா, சோறோ சப்பாத்தியோ அளவா, காயும் பருப்பும் நிறைய. கடை அடைச்சப்புறம் ஒரு கை சுண்டல், ஒரு டம்ளர் மோர்.’ மாத்திரை நேரத்தையும் மாற்றிக் கொடுத்தார். அரசு ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு வாங்கவில்லை. நீங்கள் 14,500 வாங்கினீர்கள்.

இப்போது அந்த டப்பா விஷயம். பணம் வாபஸ் கேட்டதற்கு ஜூன் 3, செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு மேலாளர் இருப்பார், நேரில் வாருங்கள் என்றீர்கள். மாவு ஆட்டுவதை நிறுத்திவிட்டு, சத்திரம் பேருந்து நிலையம் வரை நின்றுகொண்டே வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து வந்தால் மேலாளர் சென்னையில் இருக்கிறார் என்றார்கள். டப்பா கொண்டுவரவில்லையா, அது இல்லாமல் பதிவு செய்ய முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வாரம் டப்பாவோடு வந்தேன். இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள், ஒரு டம்ளர் தண்ணீர்கூட யாரும் கேட்கவில்லை. கடைசியில் வெளியே வந்த பெண் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘சீல் உடைச்சிருக்கே மேடம், பிரிக்காத டப்பாவா இருந்தாத்தான் ரீபண்ட்’ என்றாள். பிரிக்காமல் எப்படி 90 நாள் குடிப்பது? அன்று வெறும் கையோடு வீட்டுக்கு வந்து, மாவு புளிக்காமல், கடையே திறக்க முடியவில்லை.

மூன்றாவது தடவை வேறு காரணம் சொன்னீர்கள். செயலியில் ஒன்பது நாள் சாப்பாட்டுப் படம் போடவில்லை, அதனால் உத்தரவாதம் செல்லாதாம். அந்த ஒன்பது நாளும் நான் கையில் கட்டோடு படுத்திருந்தேன் ஐயா!

கை ஆறும் வரை பதினோரு நாள் கடை மூடியிருந்தது. வழக்கமாக வருகிறவர்கள் எதிர்த்த கடைக்குப் போய்விட்டார்கள், பாதிப்பேர் இன்னும் திரும்பவில்லை. என் இருபது வருடப் பிழைப்பையே நாசமாக்கிவிட்டீர்கள், இரண்டு லட்சம் கொடுத்தாலும் ஈடாகாது. ஆனாலும் நான் கேட்பது நியாயமானதுதான்: கட்டிய ரூ.14,500, மருந்துக்கும் ஆட்டோவுக்கும் ஆன ரூ.3,860, பதினோரு நாள் வருமானம் ரூ.16,500. தயவுசெய்து 15 நாளுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்திவிடுங்கள், நானும் இத்தோடு விட்டுவிடுகிறேன்.

இல்லையென்றால் 1915க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிவு செய்வேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். ஐந்து லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நானே பேசலாம் என்பதையும் தெரிந்துகொண்டேன். உடல் பருமனைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது என்கிறார் எங்கள் தெரு வக்கீல். டப்பாவில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டிய இடத்தில் உங்கள் சலுகை ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறீர்கள், அதையும் அதிகாரியிடம் காட்டுவேன். உங்கள் பெயரைக் கெடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. பணம் வந்தால் போதும்.

பணத்தோடு இன்னொன்றும் வேண்டும். மே 19 அன்று பேசிய அந்தத் தம்பி எனக்குப் போன் செய்து, நான் திருடித் தின்னவில்லை என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிட வேண்டாம், அடுப்பில் இருப்பேன். பட்டையைத் திருப்பிக் கொண்டுவா என்று மறுபடி என்னை அலைய வைக்காதீர்கள், ஆள் அனுப்புங்கள், கடைக்கே வந்து வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
இட்லிக் கடைக்காரம்மா,
திருவெறும்பூர்.