செயலாளரின் ஆண்டறிக்கை: துடைத்துக் கெடுத்த ரைபிளும் நான்கு பாட்டில்களும்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். போட்டி முடிவுகள் அறிவிப்புப் பலகையில் இருக்கின்றன, அவற்றை மறுபடி படித்து உங்கள் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை. இந்த ஆண்டு செயற்குழுவின் நேரத்தை விழுங்கியது ஒரே விஷயம்: துப்பாக்கிகளை எதைக்கொண்டு, எப்படி, எத்தனை நாளுக்கு ஒருமுறை துடைப்பது.

ஆரம்பித்து வைத்தவன் நான்தான். நம் துப்பாக்கி சுடும் சங்கத்தின் .22 ரைபிள் (0.22 அங்குலத் துளை கொண்டது) ஒன்றில் குண்டுகள் இலக்கில் சிதறி விழத் தொடங்கின. முதலில் தோட்டாவைக் குறை சொன்னோம், அப்புறம் சுட்டவரை. கடைசியில் பேரலின், அதாவது துப்பாக்கிக் குழலின், வாயை லென்ஸ் வைத்துப் பார்த்தால் விளிம்பு ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. பல ஆண்டுகளாக வாய்ப்பக்கத்திலிருந்து இரும்புக் கோலை விட்டுத் துடைத்து வந்தவன் நான். அதுவும் வாரம் தவறாமல், ரொம்ப அக்கறையாக. குண்டு பேரலைவிட்டுப் பிரியும் கடைசி இடம் அந்த விளிம்பு. அது ஒரு பக்கம் தேய்ந்துவிட்டால், பின்னால் வரும் வாயு குண்டைச் சமமாகத் தள்ளாது. நம் சங்கத்தில் துருப்பிடித்துக் கெட்ட துப்பாக்கி எதுவும் இல்லை. துடைத்துக் கெட்டது ஒன்று இருக்கிறது.

அதன்பின் அலமாரியைக் காலி செய்தோம். எல்லா வேலைக்கும் இது ஒன்றே போதும் என்று சொல்லிக்கொள்ளும் பாட்டில்கள் மட்டும் மூன்று கிடைத்தன. டபிள்யூடி-40 பற்றித்தான் வாக்குவாதம் நீண்டது. 1953இல் ஈரத்தை விரட்டுவதற்காக உருவானது அது. நாற்பதாவது முயற்சியில் கைகூடிய ஈரம் விரட்டி என்பதுதான் பெயருக்குப் பொருள். மழையில் நனைந்த துப்பாக்கிக்கு நல்ல முதலுதவி, சந்தேகமில்லை. ஆனால் அதன் பெரும்பகுதி ஆவியாகிவிடும். மாதக்கணக்கில் பெட்டிக்குள் கிடக்கும் துப்பாக்கிக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

செம்பைக் கரைக்கும் அமோனியா திரவம் இன்னொன்று. செம்பு உறை போட்ட குண்டு சுடுபவர்களுக்கு அது தேவை. நாம் சுடும் .22 குண்டோ மெழுகு தடவிய வெறும் ஈயம். பிறகு ஏன் செம்பு கரைந்ததுபோலத் துணி நீலமாக வருகிறது என்று ஓர் உறுப்பினர் கேட்டார். கோலின் பித்தளை முனையும் வெண்கலப் பிரஷும் கரைந்து வந்த நிறம் அது! பேரல் அழுக்கு என்று நினைத்து அவர் மேலும் மேலும் துடைத்திருக்கிறார்.

ஈயத்தைக் கரைக்க வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து ஊற்றலாம் என்று ஒரு யோசனையும் வந்தது. செயற்குழு அதை முழுவதுமாகத் தடை செய்திருக்கிறது. ஈயம் கரையும்தான். கரைந்து ஈய அசிடேட் ஆகும். அது தோல் வழியாகவும் உடலுக்குள் போகக்கூடிய நஞ்சு.

பழைய ராணுவத் தோட்டா சுடும் இரண்டு பேருக்கு மட்டும் தனி விதி. அவற்றின் பிரைமரில், அதாவது தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்தில், பொட்டாசியம் குளோரேட் இருந்தால், சுட்டபின் பேரலில் உப்பு படியும். அது காற்றின் ஈரத்தை இழுத்து, சீக்கிரமே துருவைக் கொண்டுவரும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. அன்றே வெந்நீர் விட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, அப்புறம்தான் எண்ணெய்.

கடைசியில் அலமாரியில் மிஞ்சியவை நான்கு: கரித்தூளுக்கு ஒரு கரைப்பான், மெல்லிய எண்ணெய், போல்ட்டின் (பேரலின் பின்பக்கத்தை அடைக்கும் பாகம்) உரசும் இடங்களுக்குக் கிரீஸ், காற்றழுத்தத்தால் சுடும் ஏர் ரைபிளின் ரப்பர் வளையங்களுக்குச் சிலிக்கோன் எண்ணெய். ஏர் ரைபிள் பேரலில் கரைப்பானும் வேண்டாம், வெண்கலப் பிரஷும் வேண்டாம். காய்ந்த ஃபெல்ட் உருண்டைகளைச் சுட்டு வெளியேற்றினால் போதும். ஸ்பிரிங் வகையில் பெட்ரோலிய எண்ணெய் உள்ளே போனால் அழுத்தத்தில் தீப்பற்றி வெடிக்கும். அந்த ஒரு வெடிச்சத்தத்தை இந்த ஆண்டு கேட்டுவிட்டோம், போதும்.

இனி நடைமுறை இது. மேசையில் தோட்டா இருக்கக் கூடாது. தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, தோட்டா அமரும் அறையான சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்தபிறகே கோலைத் தொட வேண்டும். கோல் பின்பக்கத்திலிருந்து, வழிகாட்டிக் குழாய் வழியாகப் போகும். ஈரத்துணி ஒன்றிரண்டு, பிறகு உலர்ந்த துணி. துணி பளிச்சென்று வெளுக்கும்வரை துடைக்க வேண்டியதில்லை. எண்ணெய் பூசி வைத்த பேரலைச் சுடுவதற்கு முன் ஓர் உலர்ந்த துணியால் துடைக்க மறக்காதீர்கள். சேம்பரில் எண்ணெய் இருந்தால் தோட்டாவின் கூடு சுவரைப் பிடிக்காமல், சுடும்போது போல்ட்டின் மீது சுமை கூடும்.

ஒவ்வொரு முறை சுட்டபின்பும் துடைத்தே ஆக வேண்டும் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் இன்னும் வாதிடுகிறார். அவருடைய சொந்த ரைபிள், அவர் இஷ்டம். சங்கத்து .22 ரைபிள்களை, குண்டு சிதறத் தொடங்கினால் அல்லது நனைந்தால் மட்டும் துளையைத் துடைப்பது என்று முடிவு. சேம்பரையும் போல்ட் முகத்தையும் மட்டும் ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும்.

சுடுதளத்தை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதும் நின்றுவிட்டது, ஈயத்தூள் பறக்கும் என்பதால் ஈரத்துணிதான். கையுறை அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. கை கழுவாமல் தேநீர்க் கோப்பையைத் தொடுபவர்கள் யார் என்பது எனக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை.

தேய்ந்த பேரலின் வாயைத் துப்பாக்கி பழுதுபார்ப்பவர் வெட்டிச் சீராக்கித் தந்துவிட்டார். சோதித்துச் சுட்டதில் குண்டுகள் மறுபடி ஒன்றாக விழுகின்றன. எந்த வாரம் யார் துடைப்பது என்ற பட்டியல் அலமாரிக் கதவில் தொங்குகிறது. கடைசி இரண்டு வாரங்களுக்கு எதிரே இன்னும் யாரும் பெயர் எழுதவில்லை.

செயலாளர்