எட்டுச் சுரத்தைப் பிடித்துக்கொள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் நாலாவது சிம்பொனியில் கடைசி மூவ்மென்ட், அதாவது கடைசிப் பகுதி மட்டும் பிடிபடவில்லை என்று எழுதியிருந்தாய். அதற்கு ஒரே ஒரு பிடிதான் வேண்டும்.

முதலில் கருவியைச் சரிசெய். போன் ஸ்பீக்கரில் கேட்காதே. வயலின் போன்ற தந்தி வாத்தியங்களில் மிகப் பெரியதான டபுள் பாஸின் அடி நாதம் 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், அது சின்ன ஸ்பீக்கரில் வராது. காதை மூடும் ஹெட்போன் போதும். ஈக்வலைசர், பாஸ் பூஸ்ட், ஒலியளவைத் தானாகச் சமப்படுத்தும் வசதி மூன்றையும் அணைத்துவிடு. கடைசி மூவ்மென்ட்டின் தொடக்கத்தை ஓடவிட்டு, காது உறுத்தாத அளவில் வால்யூமை வை. பிறகு அதைத் தொடவே தொடாதே. மெல்லிய இடத்தில் கூட்டிவிட்டால், அடுத்த முழக்கம் காதைக் குத்தும்.

ரெக்கார்டிங்கில் கண்டக்டர் கார்லோஸ் கிளைபர் 1980இல் வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு செய்ததையே எடுத்துக்கொள். உச்சத்தில் வயலின்கள் கொஞ்சம் கூர்மைதான். ஆனால் மேல் மெட்டுக்கும் அடி நாதத்துக்கும் நடுவே ஒலிக்கும் வாத்தியங்கள் இவ்வளவு தெளிவாகக் கேட்பது அபூர்வம்.

இனி விஷயம். மேற்கத்திய ஈ (E) சுரத்தை ஷட்ஜமாக வைத்துப் பாடிப் பார்: ச, சதுஸ்ருதி ரி, சாதாரண க, சுத்த ம, பிரதி ம, ப, கீழ் ஸ்தாயி ப, மறுபடி ச. மொத்தம் எட்டு. சுரத்துக்கு மூன்று எண்ணிக்கை. பிராம்ஸுக்கு முந்தைய இசையமைப்பாளர் பாக்கின் 150ஆம் கான்டாட்டாவின் (பாட்டும் வாத்தியமும் சேர்ந்த படைப்பு) கடைசிக் கோரஸிலிருந்து எடுத்த வரி இது. பிரதி மத்யமம் பிராம்ஸ் நுழைத்தது. இதே வரி மேல் 30 வேரியேஷன், அதாவது அதை வைத்து விதவிதமாக மாற்றி வாசிப்பது, பிறகு முடிப்பு. பல்லவி வரியை மனசில் வைத்துக்கொண்டே நிரவல் கேட்பாயே, அந்தக் காதுதான் இங்கேயும் வேண்டும்.

முதலில் வரி மேலே, காற்று வாத்தியங்களில் இருக்கும். நாலாவது வேரியேஷனில் வயலின்கள் அகலமாக ஒரு மெட்டைத் தொடங்கும்போது அது அடியில் பாஸுக்கு இறங்கிவிடும். உன் காது வயலின் பின்னால் போய்விடும். வழி தவறுவது இங்கேதான். வயலினை விட்டுவிட்டு அடியைக் கேள்.

அடுத்த சிக்கல் பன்னிரண்டாவது வேரியேஷன். புல்லாங்குழல் தனியாக வரும், மற்றவை விட்டு விட்டு லேசாகத் தொடும். இங்கே சுரத்துக்கு மூன்று இல்லை, ஆறு எண்ணிக்கை. வேகம் குறைந்ததாக நினைத்து மூன்றே எண்ணினால் கணக்கு பாதியில் அறுந்துபோகும். பதின்மூன்றில் காந்தாரம் அந்தரமாக மாறும். கிளாரினெட்டும் ஒபோவும் பேசிக்கொள்ளும். பதினாலில் டிராம்போன்கள் (பித்தளைக் குழல் வாத்தியங்கள்) மிக மென்மையாக ஒலிக்கும். முதல் மூன்று மூவ்மென்ட்டிலும் அவற்றுக்கு ஒரு சுரம்கூடக் கிடையாது என்பதை நினைத்துக்கொண்டு கேள், அந்த அமைதியின் எடை புரியும். பதினாறில் சாதாரண காந்தாரத்தோடு பழைய வரி முழுப் பலத்தில் திரும்பும். நாலாவது சுரத்தில் தந்தி வாத்தியங்கள் மேலிருந்து சரிந்து விழும். பதினாறு தொடங்கும்போதே எண்ணிக்கையை மறுபடி மூன்றாக்கிக்கொள்.

எண்ணுவது பழகியதும் முதல் மூவ்மென்ட்டின் தொடக்கத்தைத் தனியாகக் கேள். வயலின்கள் இரண்டிரண்டு சுரமாக இறங்கி ஏறும். அந்தப் படிக்கட்டு கடைசி மூவ்மென்ட்டின் 29, 30ஆம் வேரியேஷன் இரண்டிலும் எட்டுச் சுரத்தின் மேலேயே வந்து உட்காரும். எந்த நொடியில் கண்டுபிடித்தாய் என்று எழுது.

அன்புடன்,
அப்பா