கறுப்பு வண்டியைத் தூக்கிப் போடாதே, கண்ணு

கோயம்புத்தூர்
மார்கழி

அன்பு தேனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ அனுப்பின உன் மாடல் காரின் நாலு படத்தையும் பெரிசு பண்ணிப் பண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஃபோனைக் கீழ வைங்க, இருக்கிற கண்ணும் போயிரும்" என்று உன் அம்மா இரண்டு தடவை சத்தம் போட்டுவிட்டாள். கடைசிப் படத்துக்குக் கீழே, "குப்பையில போடப் போறேன்ப்பா" என்று எழுதியிருந்தாய். போடாதே. போட்டிருந்தால் போய் எடுத்து வை. ஃபோனில் சொல்லலாம்தான். ஆனால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும், மீதி நின்றுபோகும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதல் வண்டிக்கே லோட்டஸ் 79 ஃபார்முலா ஒன் பந்தயக் காரை எடுத்திருக்கிறாய். உன்கூட வேலை செய்யும் பெரியவர், பந்தய வீரர் ரோனி பீட்டர்சன் கதையைச் சொல்லச் சொல்ல உனக்கு ஆசை வந்துவிட்டது, புரிகிறது. ஸ்வீடனில் ஓரெப்ரூக்காரர், அந்த நாட்டு ஜனங்களுக்கு அவர் எவ்வளவு பெரிய ஆள் என்று நீயே பார்க்கிறாய். 1978-ல் இத்தாலியில் மோன்சா பந்தயம், அன்றைக்குக் காலைப் பயிற்சி ஓட்டத்தில் 79 அடிபட்டுப்போனதால் பழைய லோட்டஸ் 78-ல் ஏறினார். பந்தயம் தொடங்கின உடனே நடந்த விபத்து, மறுநாள் உயிர் போய்விட்டது. அதனால் நீ கட்டுவது அவர் ஜெயித்த வண்டி, அவரைக் கொண்டுபோன வண்டி அல்ல. இதை அந்தப் பெரியவரிடமும் சொல். அவருக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்.

ஆனால் அது கறுப்பு வண்டி. கறுப்பு எதையும் மறைக்காது. மஞ்சளில் கண்ணுக்கே தெரியாத ஒரு தூசி, பளபளக்கும் கறுப்பில் பரு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். நாற்பது வருஷம் இந்தக் கை வேலை பார்த்திருக்கிறது, ஆனாலும் கறுப்பு என்றால் நான் இப்போதும் ஒரு நாள் தள்ளிப்போட்டுத்தான் தொடுவேன். நீ எடுத்த எடுப்பில் அதில் இறங்கியிருக்கிறாய், அதற்கு இது ஒன்றும் மோசமில்லை.

இப்போது என்ன ஆகியிருக்கிறது என்று சொல்கிறேன். என்ஜின் மூடி முழுக்க ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி பொரிப்பொரியாக இருக்கிறது. மூக்கில் இடது பக்கம் ஒரு இடத்தில் பெயின்ட் வழிந்து உறைந்திருக்கிறது. இரண்டுக்கும் காரணம் உன் கை இல்லை, உன் பால்கனி. அந்தக் குளிரில் ஸ்ப்ரே டின்னுக்குள் அழுத்தம் இறங்கிவிடும். பெயின்ட் பனிமாதிரி வராமல் பெரிய பெரிய துளியாக விழும். விழுந்த துளி ஒன்றோடொன்று கலந்து சமமாகிறதற்குள் அப்படியே நிற்கும், அதுதான் அந்தப் பொரி. சரியாகப் பிடிக்கவில்லை என்று பயந்து மூக்குப் பக்கம் கிட்டத்தில் கொண்டுபோய் அடித்திருக்கிறாய், அங்கே வழிந்துவிட்டது.

இங்கே எனக்கு நேர் எதிர்க் கஷ்டம். ஐப்பசி மழையில் லேக்கர் பெயின்ட் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது அடித்த இடம் சில்லென்று ஆகிறது, காற்றில் இருக்கிற ஈரம் அதில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால் மழைக்காலத்தில் வெட்டுகிறது, ஒட்டுகிறது, தேய்க்கிறது மட்டும்தான். மார்கழியிலும் பனி இறங்கின பிறகு, பகல் பதினொன்றுக்கு மேல்தான் டின்னைத் தொடுவேன்.

நீ செய்ய வேண்டியது இது. பெயின்ட்டைக் கழற்ற வேண்டாம், பிளாஸ்டிக்கில் அசிட்டோனோ தின்னரோ ஊற்றிவிடாதே, வண்டியே கரைந்துவிடும். ஒரு வாரம் ஒரு டப்பாவைக் கவிழ்த்து மூடி, கதகதப்பான ரூமில் வைத்துவிடு. எடுத்து மூக்கில் முகர்ந்து பார், பெயின்ட் வாசனை வந்தால் இன்னும் காயவில்லை. வாசனை போன பிறகு 1500 நம்பர் வாட்டர் பேப்பரை ஒரு சொட்டு சோப்புப் போட்ட தண்ணியில் நனைத்து, விரல் நுனியால் லேசாகத் தேய். வழிந்த இடத்தில் மட்டும் பேப்பரை ஒரு ரப்பர் துண்டில் சுற்றிக்கொள். விரல் பள்ளத்துக்குள் இறங்கும், ரப்பர் இறங்காது, மேட்டை மட்டும் எடுக்கும். அப்புறம் 2000. வண்டி முழுக்க மங்கி, கரும்பலகை மாதிரி ஆகிவிடும். பயந்துவிடாதே, அப்படித்தான் ஆக வேண்டும். ஓரங்களை மட்டும் தொடாதே. ஓரத்தில் பெயின்ட் எப்போதும் மெல்லிசாகத்தான் நிற்கும், இரண்டு தேயில் பிளாஸ்டிக் எட்டிப்பார்த்துவிடும்.

மறுபடி அடிக்கும்போது, டின்னைப் பத்து நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணியில் நிறுத்தி வை. கை பொறுக்கிற சூடுதான், கொதிநீர் கூடவே கூடாது, டின் வெடிக்கும். வண்டியை ரூமுக்குள்ளேயே வைத்திருந்து, பால்கனிக்குக் கொண்டுபோய் ஒரு கோட் அடித்த கையோடு உள்ளே கொண்டுவந்து மூடிவிடு. முதல் கோட் தூவின மாதிரி இருக்கட்டும். கறுப்பு நிறைகிறதா என்று அப்போது பார்க்காதே. மூன்றாவது நாலாவதில் தானாக நிறையும். மாஸ்க் போட்டுக்கொள், துணி மாஸ்க் இல்லை, கேஸ் ஃபில்டர் வைத்தது. இரும்பு வார்க்கிற ஃபவுண்டரியில் மணல் தூசியை முப்பது வருஷம் மூச்சில் இழுத்தவர்கள் கடைசியில் எப்படி மூச்சு வாங்கினார்கள் என்று பார்த்தவன் சொல்கிறேன்.

நன்றாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தாய். ட்யூப்லைட்டுக்குக் கீழே பிடி. லைட்டின் பிம்பம் வண்டி மேல் தெரியும். அது ஓரம் கலையாமல் ஒரே கோடாக ஓடினால் சரி. நடுவில் எங்கே நடுங்குகிறதோ, அங்கே இன்னும் வேலை இருக்கிறது. பேட்டர்னை, அதாவது மண் அச்சு எடுக்கிற மர மாதிரியை, தேய்த்து முடித்தால் எங்கள் மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். மரத்துக்குக் கை, பெயின்ட்டுக்கு லைட்.

தங்கக் கோடு போட்ட டெக்கால் ஸ்டிக்கரை ஒட்டுவதை இப்போதைக்கு நினைக்கவே நினைக்காதே. அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுகிறேன்.

நான் ரிட்டையர் ஆன பிறகு இந்த மாடல் கட்டுகிற பக்கம் வந்ததற்கு ஒரு காரணம், இங்கே எல்லாமே எனக்குத் தெரிந்த வார்த்தையாக இருந்தது. கிட்டில் பாகங்களைத் தாங்கிக்கொண்டிருக்கிற அந்தச் சட்டத்துக்கு ரன்னர் என்று பேர். எங்களுக்கும் மண் அச்சுக்குள் இரும்புக் குழம்பு ஓடுகிற வாய்க்காலுக்கு ரன்னர்தான். டயர் நடுவில் சுற்றி ஒரு மெல்லிய கோடு இருக்கிறதே, அது இரண்டு அச்சு சேருகிற இடம், எங்கள் பாஷையில் பார்ட்டிங் லைன். அதைத் தேய்த்து எடுப்பதற்கு ஃபெட்லிங் என்போம். ஒன்றுதான் தலைகீழ். இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சுருங்கும். அதனால் பேட்டர்ன் ஸ்கேலில் ஒரு அடி என்பது நிஜ அடியைவிட ஒரு நூல் பெரிசு. ஆயுசு பூரா எல்லாவற்றையும் ஒரு நூல் பெரிசாகச் செய்தவன், இப்போது இருபதில் ஒரு பங்காகச் செய்கிறேன். இருபதில் ஒரு பங்கில் பெயின்ட் கால் மில்லிமீட்டர் தடித்தால், நிஜ வண்டியில் அது ஐந்து மில்லிமீட்டர். அப்படி நினைத்துக்கொண்டால் கை தானாக மெல்லிசாக அடிக்கும்.

உன் மஞ்சள் கார் ஞாபகம் இருக்கிறதா, அம்மிணி? 2005, நம்ம ஊர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஜோர்டான் டீம் காரை ஓட்டின வருஷம். இண்டியானாபொலிஸில் நாலாவதாக வந்தார். மிஷலின் டயர் போட்டவர்கள் எல்லாம் விலகிப்போய் ஆறே வண்டி ஓடின பந்தயம்தான், ஆனால் அந்த ஐந்து புள்ளி எந்த இந்தியனுக்கும் அதுவரை கிடைக்காத புள்ளி. அடுத்த மாதம் உனக்குப் பத்தாவது பிறந்தநாள். மிச்சம் கிடந்த தேக்குத் துண்டில் அந்த ஜோர்டானைச் செதுக்கினேன். செதுக்கினது நன்றாகத்தான் வந்தது. பெயின்ட்டில் கெடுத்துவிட்டேன். விடிந்தால் பிறந்தநாள், எனாமல் காயவில்லை, மேலே பளபளப்புக்கு லேக்கரை அடித்தேன். கண் முன்னாலேயே சுருங்கியது. மஞ்சள் முழுக்க கிழவி கன்னம் மாதிரி ஆகிவிட்டது. ராத்திரி ஒரு மணிக்கு அதைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். காலையில் கொடுக்கவே வேண்டாம் என்று அலமாரிக்குப் பின்னால் வைத்தேன், நீயே கண்டுபிடித்து எடுத்துவிட்டாய். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாய். "எங்கப்பா பண்ணினது, மழையில ஓடின வண்டி, அதான் இப்படி இருக்கு" என்று சொன்னாயாம், உன் டீச்சர் அப்புறம் என்னிடம் சொன்னார். அந்த வண்டி இன்னும் உன் ரூமில்தான் இருக்கிறது. நான் திரும்ப பெயின்ட் அடிக்கட்டுமா என்று எத்தனையோ தடவை கேட்டும் நீ விடவில்லை. நேற்று உன் செய்தியைப் படித்ததும் எழுந்துபோய் அதைத்தான் எடுத்துப் பார்த்தேன்.

இப்போது என் சேதி. உன் அம்மாவுக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்தேதான் ஒன்று வாங்கியிருக்கிறேன். டமியா கம்பெனியின் டிரெல் பி34 கிட், 1/20 அளவு. ஆறு சக்கர வண்டி. முன்னால் நாலு, பின்னால் இரண்டு. சாதாரண முன்டயர் மூக்குக்கு மேலே துருத்திக்கொண்டு காற்றை முட்டும். அதை மூக்குக்குப் பின்னால் ஒளிக்க வேண்டும் என்றால் டயர் சின்னதாக வேண்டும். சின்னதானால் ரோட்டில் பிடிப்புக் குறையும், அதனால் இரண்டுக்கு நாலாகப் போட்டார் வண்டியை வடிவமைத்த டெரிக் கார்ட்னர். பத்து அங்குல சக்கரம் அது. இருபதில் ஒரு பங்கு என்றால் சரியாக அரை அங்குலம், சட்டைப் பொத்தான் அளவு. நாலையும் தட்டில் வைத்துப் பார்த்தேன், பிரித்து எடுத்த பொத்தான் மாதிரியே இருக்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்து டிரைவருக்கு அந்தச் சக்கரம் தெரிய வேண்டும் என்று காக்பிட் பக்கவாட்டில் சின்ன ஜன்னல் வைத்திருந்தார்கள். அதற்குக் கண்ணாடி ஒட்டுகிற அன்றைக்கு நான் காபி குடிக்கப் போவதில்லை, கை நடுங்கும்.

அந்த வண்டி ஜெயித்தது ஒரே ஒரு பந்தயம். 1976 ஜூன், உன் ஊர்ப் பக்கம், ஆண்டர்ஸ்டோர்ப். ஷெக்டர் முதலில், டெபாயே இரண்டாவது, இரண்டு ஆறு சக்கர வண்டியும் முன்னும் பின்னும். அப்புறம் அந்தச் சின்ன டயரை யாரும் மேம்படுத்தவில்லை, மற்ற டயரெல்லாம் மேம்பட்டுவிட்டது, 1977-ஓடு முடிந்தது. இரண்டு வருஷம் கழித்து அதே ஆண்டர்ஸ்டோர்பில்தான் பின்னால் ஃபேன் வைத்த பிராபம் கார் ஜெயித்தது, நிக்கி லவுடா ஓட்டினார், அதுவும் அந்த ஒரே பந்தயம். அன்றைக்கு மூன்றாவதாக வந்தது யார் தெரியுமா? உன் பீட்டர்சன், உன் லோட்டஸ் 79-ல். வேறெங்கும் ஜெயிக்காத வண்டிக்கெல்லாம் ராசியான மண் போல அது.

அந்த டிராக்கின் நீண்ட நேர்ப்பகுதி ஒரு விமான ஓடுதளம். அதைப் படித்ததும் எனக்குச் சோழவரம் ஞாபகம் வந்துவிட்டது. அதுவும் யுத்த காலத்து ஓடுதளம். எண்பதுகளில் ராத்திரி ரயிலில் மெட்ராஸ் போய், விடிகாலையில் பஸ் பிடித்துப் போய் நிற்போம். நம்ம ஊர் கரிவரதன் ஓட்டுவதைப் பார்க்கத்தான். மாருதி 800 என்ஜினைப் பின்னால் வைத்து ஃபார்முலா மாருதி கட்டினாரே, அவர்தான். செட்டிபாளையத்தில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு காட்டினேனே, அந்த டிராக் அவர் பேரில்தான் இருக்கிறது. சோழவரத்தில் வெயில் ஏற ஏற தார் வாசனை வரும். ஓடுதளத்துத் தார் ரோட்டுத் தார் மாதிரி இருக்காது, வெளுத்துப்போய், ஜல்லி மேலே தெரிய, நடுவில் நேர்நேராகச் சந்து விட்டுக் கிடக்கும். அந்த நிறம் எனக்கு இப்போதும் கண்ணில் இருக்கிறது.

கிட் ஜப்பான் பந்தயத்து வண்டி. டிரைவர் பேரையெல்லாம் ஜப்பானிய எழுத்தில் கொடுத்திருக்கிறான். அதை எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன். நான் கட்டுவது ஆண்டர்ஸ்டோர்ப் வண்டி, மூன்றாம் நம்பர். அடியில் ஒரு பலகை, அதன்மேல் அந்த ஊர்த் தார். அதற்குத்தான் நீ வேண்டும்.

கோத்தன்பர்க்கிலிருந்து அது ரொம்ப தூரமில்லை என்று மேப்பில் பார்த்தேன். இப்போது வேண்டாம், பனி உருகி ரோடு காயட்டும். டிராக்கில் இப்போதும் வண்டி ஓடுகிறது, அதனால் உள்ளே விடுவார்களா என்று முன்னாலேயே கேட்டுக்கொள். விட்டால் அந்த நேர்ப்பகுதியில் நடுவில் ஒரு படம், ஓரத்தில் ஒரு படம் எடு. வெயில் சாய்ந்து விழுகிற நேரமாக இருந்தால் ஜல்லியின் மேடு பள்ளம் நன்றாகத் தெரியும். நேரே மேலிருந்து எடு. பக்கத்தில் உன் பெட்டியில் இருக்கிற என் பழைய ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேலை வைத்து எடு. பேட்டர்ன் ஸ்கேல் இல்லை, சாதாரண ஸ்கேல். ஜல்லி எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்தால்தான், இருபதில் ஒரு பங்குக்கு எந்த நம்பர் வாட்டர் பேப்பரை ஒட்டுவது என்று முடிவு பண்ண முடியும். 240-ஆ, 320-ஆ என்று இரண்டையும் வாங்கி வைத்திருக்கிறேன்.

நாளைக்கு டப்பாவைக் கவிழ்த்து மூடினாயா என்று ஒரு வார்த்தை எழுது.

அன்புடன்,
அப்பா